இஸ்ரவேல் என்ற பெயரைச் சொல்லாதவர்கள்

1

ஜெர்மனிக்கு வந்து இந்த மாதத்தோடு பதினெட்டு வருடம் ஆகிறது. மற்ற வருடங்களில் இந்த நாளன்று என் மனைவி கிருபா பாயசம் வைப்பாள். இந்த வருடம் அவளும் மறந்துவிட்டாள், நானும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில், பான் நகரத்து இந்தியத் தூதரகம் அனுப்பிய படிவம் ஒன்று கிடக்கிறது. அதைச் சுற்றிக் குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருக்கிறேன். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது. எழுந்தால் ஜன்னல் பக்கம் போய் நெக்கார் ஆற்றைப் பார்க்கிறேன். ஆறு அது பாட்டுக்குப் போகிறது. திரும்பி வந்தால் படிவம் அங்கேயே இருக்கிறது.

விஷயம் இதுதான். எங்கள் ஒரே மகள் சாராளுக்கு அடுத்த மாதம் பதினாறு வயது நிறைகிறது. இதுவரை அவள் பெயர் அம்மாவின் பாஸ்போர்ட்டிலேயே ஒரு வரியாக இருந்தது. பதினாறு ஆகிவிட்டால் வெளிநாட்டுப் பிள்ளைக்குத் தனி பாஸ்போர்ட் வேண்டும், இங்கே தங்குவதற்குத் தனி அனுமதி வேண்டும். அதற்கு அலுவலகத்தில் டெர்மீன் கொடுத்துவிட்டார்கள். டெர்மீன் என்றால் இன்ன தேதி, இன்ன மணி, இன்ன அறை என்று முன்கூட்டியே வாங்கி வைப்பது. அது இல்லாமல் இந்த நாட்டில் சொத்தைப் பல்லைக்கூடப் பிடுங்கிக்கொள்ள முடியாது. எங்களுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.

படிவத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். பிறப்புச் சான்றிதழில் அவளுடைய குடும்பப் பெயர் இஸ்ரவேல். அது என் அப்பாவின் பெயர். அந்தப் பெயர் தனக்கு வேண்டாம் என்கிறாள் மகள். வேறு பெயர் போட வேண்டுமானால் தகப்பன் ஒரு கடிதம் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்டு இணைக்க வேண்டுமாம். தகப்பன் நான்தான். பேனாவும் என் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். ஒரு பெயருக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்பீர்கள். ஆமாம், ஒரு பெயருக்குத்தான்.

2

ஊரில் நான் ஐ. தங்கராஜ். அந்த 'ஐ'க்குப் பின்னால் இருந்தவர், பொறையாறு பக்கத்தில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய இஸ்ரவேல் வாத்தியார். ஊரில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'வாத்தியாரே' என்பார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆபிரகாம், இஸ்ரவேல், சாராள் எல்லாம் முருகேசன், மீனாட்சி மாதிரி சாதாரணப் பெயர்கள். லைப்சிக்கிலிருந்து கப்பலேறி வந்த பாதிரிமார்கள் எங்கள் முன்னோருக்குத் தண்ணீர் தெளித்து வைத்துவிட்டுப் போனவை.

அம்மா அப்பாவின் பெயரைச் சொல்ல மாட்டாள். புருஷன் பெயரைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் தெருவில் எல்லா வீட்டுப் பெண்களுக்கும் பொது. ஞானஸ்நானத் தண்ணீர் அதை மட்டும் கழுவவில்லை. மற்ற வீடுகளில் இதனால் தொல்லை இல்லை. எங்கள் வீட்டில் சாயங்கால ஜெபத்தில் வேதம் வாசிப்பது அம்மா. பழைய ஏற்பாட்டில் ஒரு வரி விட்டு ஒரு வரி அப்பாவின் பெயர் வருகிறது. என்ன செய்வாள் பாவம்? அந்த இடம் வந்ததும் நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். பிள்ளைகள் நாலு பேரும் சேர்ந்து "இஸ்ரவேல்!" என்போம். அப்பா கண்ணை மூடியபடியே லேசாகத் தலையை ஆட்டுவார். அம்மா அடுத்த வார்த்தைக்குப் போவாள். அப்பாவின் பெயரை அடி வாங்காமல் உரக்கச் சொல்ல எங்களுக்கு வாய்த்த சந்தர்ப்பம் அது ஒன்றுதான் என்பதால் நான் தொண்டை கிழியக் கத்துவேன். "ஒங்க வூட்டுல நடக்குறது ஜெபமா, ஏலமா?" என்று பக்கத்து வீட்டு மரகதம் அக்கா கேட்பாள்.

அறுபத்தொன்றில் இந்தப் பல்கலைக்கழக ஊருக்கு வந்து இறங்கினேன். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரம். வந்த வாரமே பதிவு அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள்.

"எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது," என்றேன்.

"முன்னால் இருக்கும் இந்த எழுத்து?"

"அது என் தகப்பனார் பெயர். இஸ்ரவேல்."

எழுதிக்கொண்டிருந்தவரின் பேனா அந்தரத்தில் நின்றது. என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். பிறகு, "அப்படியானால் அதுதான் குடும்பப் பெயர்," என்று எழுதிவிட்டார். என் நிறத்தைத்தான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து நான் ஹெர் இஸ்ராயேல், அதாவது திருவாளர் இஸ்ரவேல். தபால்காரர் முதல் கசாப்புக்கடைக்காரர் வரை எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட்டார்கள். முதல் சில மாதங்கள், அப்பா எங்கேயாவது பின்னால் நிற்கிறாரோ என்று திரும்பிப் பார்த்திருக்கிறேன்.

3

நான் ஆராய வந்ததும் அந்தப் பெயரைத்தான். யூத மதம் எங்கே தொடங்குகிறது, அந்த ஜனங்கள் எங்கிருந்து வந்தார்கள்? ஊரில் ஓய்வுநாள் பள்ளியில் கேட்டால் ஆபிரகாம் என்று பட்டென்று சொல்லிவிடுவோம். இங்கே முதல் வகுப்பிலேயே காலுக்குக் கீழே இருந்த பாயை உருவிவிட்டார்கள். ஆபிரகாமின் கதைகள் பல நூற்றாண்டுகள் கழித்து எழுதி வைக்கப்பட்டவை, நிச்சயமாக நம் கையில் இருப்பது ஒரு கல்தான் என்றார் பேராசிரியர்.

எகிப்தில் கண்டெடுத்த கல் அது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வருடங்களுக்கு முன் ஓர் அரசன் தான் அடித்து நொறுக்கியவர்களைப் பட்டியல் போட்டு வெட்டி வைத்திருக்கிறான். உலகத்தில் இஸ்ரவேல் என்ற பெயர் முதன்முதலாக எழுத்தில் வருவது அதில்தான் என்பார்கள். என்ன வருகிறது தெரியுமா? இஸ்ரவேல் அழிந்தது, இனி அதற்கு வித்து இல்லை என்று வருகிறது. ஒரு ஜனத்தைப் பற்றிய முதல் செய்தியே மரண அறிவிப்பு. இன்னொன்றும் உண்டு. அதே கல்லில் மற்ற ஊர்களின் பெயருக்குப் பக்கத்தில் தேசம் என்பதற்கான குறி இருக்கிறது. இந்தப் பெயருக்குப் பக்கத்தில் மட்டும் ஓர் ஆணும் பெண்ணும் உட்கார்ந்திருக்கும் குறி. அதாவது இது நிலம் அல்ல, ஆட்கள். அந்தக் குறியை என் கையால் எத்தனை அட்டைகளில் வரைந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியாது.

அவர்கள் கானான் தேசத்து மலைகளுக்கு எப்படி வந்தார்கள் என்பதில் பெரிய சண்டை. எக்காளம் ஊதி மதிலை வீழ்த்தி வந்தார்கள் என்கிறது வேதம். தோண்டிப் பார்த்தவர்கள், அந்த ஊர்களில் சில அதற்கு முன்பே பாழாய்க் கிடந்தன என்கிறார்கள். ஆடு மேய்க்க மேய்ச்சல் தேடி வந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தங்கிவிட்டார்கள் என்பது எங்கள் பேராசிரியர் கட்சி. வெளியிலிருந்து யாரும் வரவில்லை, அந்த நாட்டுக் குடியானவர்களே பிரபுக்களின் கொடுமை தாங்காமல் மலையேறினார்கள் என்று அமெரிக்காவிலிருந்து ஒரு புதுக் கட்சி கிளம்பியது. நான் இரண்டு கட்சியையும் அட்டையில் எழுதிக்கொண்டேன்.

எனக்குப் பிடித்தது, அவர்கள் பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட காலம். அரசன் போனான், கோயில் எரிந்தது, நிலம் போயிற்று. தோற்றவன் ஜெயித்தவனின் சாமியைக் கும்பிட்டுக்கொண்டு கரைந்துபோவதுதான் அந்தக் காலத்து நடைமுறை. இவர்கள் கரையவில்லை. பலி கொடுக்கக் கோயில் இல்லாத இடத்தில் வாரத்துக்கு ஒரு நாளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒரு நாளை யாரும் எரிக்க முடியாது அல்லவா? பழைய கதைகளையும் கட்டளைகளையும் கூட்டித் தொகுத்தார்கள். யூதா நாட்டார் என்ற அர்த்தத்தில் யூதர் என்ற பெயர் நிலைத்தது, அந்த நாட்டை விட்டு வந்த பிறகுதான். திரும்பிப் போனபோது, மைதானத்தில் ஒரு வேதபாரகன் நின்று எல்லாவற்றையும் உரக்க வாசிக்கிறான். சிலர் கூட்டத்துக்குள் நின்று அர்த்தம் சொல்கிறார்கள். மொழி மறந்த பிள்ளைகளும் அங்கே இருந்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றும்.

காலப்போக்கில் கடவுளின் நாலெழுத்துப் பெயரைச் சொல்வதையே நிறுத்திவிட்டார்கள். வாசிக்கும்போது அந்த இடம் வந்தால் 'ஆண்டவர்' என்று மாற்றிச் சொல்வார்கள். இதைக் கேட்டு வகுப்பில் நான் ஒருவன் மட்டும் சிரித்துவிட்டேன். பேராசிரியர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பொறையாற்றில் என் அம்மா என்று ஆரம்பித்து அவருக்கு எப்படிச் சொல்வது?

நாமும் பாபிலோனுக்குச் சிறைபோனவர்கள் மாதிரிதான் என்று இங்குள்ள தமிழ் மாணவர்கள் பொங்கல் கூட்டத்தில் உருக்கமாகப் பேசுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நம்மை யாரும் சங்கிலி போட்டு இழுத்து வரவில்லை. ஸ்காலர்ஷிப் வாங்கி, கழுத்தில் மாலையோடு கப்பலேறினோம்.

ரோமாபுரிப் படை கோயிலை இரண்டாம் தடவை எரித்ததோடு எங்கள் பாடம் முடிந்துவிடும். அதற்கு முந்தைய சில நூற்றாண்டுகளுக்கு 'பிந்தைய யூதம்' என்று பெயர் வைத்திருந்தார்கள். இன்று நாம் அறியும் யூத மதத்தின் தொடக்கத்துக்குப் பெயர் பிந்தையது. கேள்வி கேட்காமல் அதையும் எழுதிக்கொண்டேன். கடைசி வகுப்பில் பேராசிரியர் நோட்டை மூடினார், மாணவர்கள் இந்த ஊர் வழக்கப்படி மேசையை விரலால் தட்டி மரியாதை செய்தார்கள், கதை முடிந்தது. அந்த மண்டபத்தில் ஒரு யூதர்கூட இருந்ததாக நினைவில்லை. ஏன் இல்லை என்று நான் கேட்கவும் இல்லை.

4

அறுபத்துமூன்றில் மகள் பிறந்தாள். முதல் பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவளின் பெயர் வைப்பது எங்கள் வீட்டு வழக்கம். என் அம்மாவின் பெயர் சாராள். பிறப்பைப் பதிய அலுவலகத்துக்குப் போய், தாளில் ஜெர்மன் வழக்கப்படி 'சாரா இஸ்ரவேல்' என்று எழுதி நீட்டினேன்.

அங்கே இருந்தவர் ஓய்வு பெறும் வயதுக்காரர். வாசித்தார். காது மடல் சிவந்துவிட்டது. "இது என்ன விளையாட்டு?" என்று கேட்டுவிட்டு எழுந்து உள்ளே போனவர் திரும்பி வரவில்லை. ஓர் இளைஞர் வந்தார்.

"வேறு பெயர் ஏதாவது யோசித்தீர்களா? மரியா? மோனிகா?" என்று பக்குவமாகக் கேட்டார்.

எனக்கு அந்த வயதில் மூக்குக்கு மேல் கோபம். "ஒன்று என் தாயார் பெயர், ஒன்று என் தகப்பனார் பெயர். இரண்டையும் எங்களுக்குக் கொடுத்தது உங்கள் நாட்டுப் பாதிரிமார்கள். கொடுத்த வீட்டுக்கே கொண்டுவந்தால் முகத்தைச் சுளிக்கிறீர்களா?" என்று கத்தினேன். அவர் முத்திரை குத்தினார். ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் துறையில் இதை வேடிக்கையாகச் சொன்னேன். பக்கத்து மேசையில் இருந்த உதவி ஆராய்ச்சியாளர் சிரிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"உங்களுக்கு நிஜமாகவே தெரியாதா?"

அப்புறம் சொன்னார். முப்பத்தெட்டில் ஒரு சட்டம் போட்டிருக்கிறார்கள். பார்த்தவுடன் யூதர் என்று தெரியாத பெயர் வைத்திருக்கும் யூத ஆண்கள் எல்லோரும் கூடுதலாக இஸ்ரவேல் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும், பெண்கள் எல்லோரும் சாரா. அடையாள அட்டையில், பத்திரத்தில், கையெழுத்தில், எல்லாவற்றிலும். அந்தப் பெயர்களோடுதான் பட்டியல் தயாரித்து ரயிலேற்றி வதைமுகாம்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

எகிப்தியக் கல்தச்சன் அந்தப் பெயருக்குப் பக்கத்தில் என்ன குறி வெட்டினான் என்று எனக்குத் தெரியும். இருபத்தைந்து வருடங்களுக்கு முன் இந்த நாட்டு குமாஸ்தாக்கள் அந்தப் பெயரை என்ன செய்தார்கள் என்று தெரியாது. இரண்டு வருடம் இஸ்ரவேலின் வரலாறு படித்தவன் நான். அன்று பட்ட வெட்கத்தை இன்றும் என்னால் விழுங்க முடியவில்லை.

ஆனால் பெயரை மாற்றவில்லை. வீம்புதான். இவர்கள் சட்டத்துக்கு முன்னால் இருந்த பெயர், எங்கள் அப்பா பெயர், நாம் ஏன் விடவேண்டும் என்று சொல்லிக்கொண்டேன். மகளைக் கேட்கவில்லை. அவளுக்கு அப்போது இரண்டு வாரம்.

5

என் ஆய்வேட்டை டைப் அடித்துக் கொடுத்தவர் ஃபிராவ் ஹிர்ஷ். ஃபிராவ் என்றால் திருமதி. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு ரொட்டிக் கடைக்கு மேல் அறையில் தனியாக இருக்கிறார். ஸ்டுட்கார்ட்டில் பிறந்த யூதப் பெண். போருக்குக் கொஞ்சம் முன்னால் பதினேழு வயதில் இங்கிலாந்துக்கு வீட்டு வேலைக்குத் தப்பிப் போனவர். வீட்டிலிருந்து வேறு யாரும் தப்பவில்லை. ஐம்பதுகளில் ஏன் திரும்பி வந்தார் என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. ஆள் கறார். மார்ஜின் கோணலாக இருந்தால் பேராசிரியர்களையே திட்டுவார்.

ஜெர்மன் டைப்ரைட்டரில் எபிரேய எழுத்து கிடையாது. அந்த இடங்களைக் காலியாக விட்டுக் கொடுப்பார்கள், நாங்கள் மையால் எழுதி நிரப்புவோம். ஃபிராவ் ஹிர்ஷ் கூடுதலாக வேறு இடங்களிலும் இடைவெளி விட்டிருந்தார். கடவுளின் பெயரை எங்கள் பேராசிரியர்கள் உப்பு, புளி மாதிரி சாதாரணமாகச் சொல்வார்கள், ஜெர்மன் எழுத்திலேயே எழுதுவார்கள். நானும் அப்படியே எழுதியிருந்தேன். அத்தனை இடமும் வெள்ளையாக இருந்தது.

"அதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் அப்பா வீட்டில் அது வாயிலும் வராது, விரலிலும் வராது," என்றார்.

எனக்கு உடனே புரிந்தது. அம்மாவின் மகனுக்குப் புரியாதா? இன்னொன்றும் செய்திருந்தார். இஸ்ரவேல் என்று வரும் இடமெல்லாம் 'ஐ' என்ற ஒற்றை எழுத்தும் புள்ளியும் மட்டும். கேட்டதற்கு, "ஒவ்வொரு வரியிலும் வருகிறது. முதல் பக்கத்தில் குறிப்பு எழுதிவிடுங்கள், பக்கம் குறையும்," என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். எங்கள் ஊரிலும் தகப்பன் என்றால் ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்தானே?

பக்கம் குறைந்ததே தவிரப் பட்டம் வரவில்லை. திருத்தி எழுது என்று பேராசிரியர் திருப்பிக் கொடுத்தார். திருத்தி முடிப்பதற்குள் அவர் ஓய்வு பெற்றார். அடுத்து வந்தவருக்கு அந்த விஷயமே பிடிக்கவில்லை. துறை நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை எழுதும் வேலையில் உட்கார்ந்தேன், உட்கார்ந்தே விட்டேன். ஃபிராவ் ஹிர்ஷ் மட்டும் இன்று வரை என்னை "ஹெர் டாக்டர்" என்றுதான் கூப்பிடுகிறார். நான் டாக்டர் இல்லை என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பிறகு சொல்வதை விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், காதுக்கு இனிமையாகவும் இருந்தது.

6

போன மாதம் பள்ளிக்கூடத்தில் சரித்திர வகுப்பு. இளம் ஆசிரியர், நேர்மையானவர். அந்தப் பெயர்ச் சட்டத்தை மறைக்காமல் பாடம் நடத்தியிருக்கிறார். கரும்பலகையில் இரண்டு பெயர்களையும் எழுதியிருக்கிறார். வகுப்பே திரும்பி என் மகளைப் பார்த்திருக்கிறது.

"சிரிச்சாங்களா?" என்று கேட்டேன்.

"சிரிச்சிருந்தா பரவாயில்லப்பா. வெளிய வந்ததும் ஒரு பொண்ணு என்னக் கட்டிப் புடிச்சு அழுவுறா. என்னை யாருன்னு நெனச்சா? அந்த அழுகைய நான் எப்படிப்பா வாங்கிக்கிறது? அது எனக்கு வந்தது இல்லையே."

அவள் சொன்னதில் இருந்த நியாயம் என் காதில் விழவில்லை. "தாத்தா பேரு ஒனக்கு அசிங்கமாப் போச்சா?" என்று குதித்தேன்.

"அசிங்கம்னு நான் சொன்னேனா?" என்றவள் மீதியை ஜெர்மனில் கொட்டினாள். கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். கதவு படாரென்று சாத்திக்கொண்டது. இரண்டு வருடமாகச் சாயங்கால ஜெபத்துக்கு அவள் வருவதில்லை. அன்றிலிருந்து சாப்பிடவும் எங்களோடு உட்காரவில்லை.

"என்னங்க, அவ பேரத்தான வேணாங்குறா, நம்மள இல்லையே," என்றாள் கிருபா.

"ரெண்டும் ஒண்ணுதான்," என்றேன்.

எனக்குப் பயம். ஒளிக்காமல் சொல்கிறேன். தமிழ் எழுத்து அவளுக்குத் தெரியாது. ஜெபம் போயிற்று. பெயரும் போனால், நான் அங்கிருந்து கொண்டுவந்ததில் அவளிடம் மிச்சம் என்ன இருக்கும்? இதற்குப் பதில் தெரியாமல்தான் இந்த மேசையைச் சுற்றி வருகிறேன்.

7

மேலே உள்ளதை எழுதி ஒன்பது நாள் ஆகிறது. இடையில் நான் ஒரு தந்திரம் செய்தேன்.

கடிதம் டைப் அடிக்க வேண்டும். ஃபிராவ் ஹிர்ஷிடம் போவோம், மகளையும் கூட்டிக்கொண்டு போவோம் என்று முடிவு செய்தேன். யூதப் பெண் ஒருத்தி, தன் இனத்தின் பெயரையே ஒரு சின்னப் பெண் வேண்டாம் என்று உதறுவதைக் கேட்டால் சும்மா இருப்பாளா? நாலு வார்த்தை கொடுப்பாள், இவள் அடங்கிவிடுவாள் என்பது என் கணக்கு. பாம்பும் சாக வேண்டும், கோலும் முறியக் கூடாது.

அறையில் கீழ்க் கடையின் ரொட்டி வாசனை. மகள் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதவோரம் உட்கார்ந்தாள். நான் நின்றுகொண்டு, உறைக்க வேண்டும் என்றே குரலைக் கனமாக்கிச் சொன்னேன். "என் மகள் சாராவின் குடும்பப் பெயரான இஸ்ரவேல் என்பதை நீக்கி, தங்கராஜ் என்று பதியுமாறு கேட்டுக்கொள்கிறேன்."

டைப்ரைட்டர் படபடவென்று ஓடி, ஓர் இடத்தில் நின்றது. இடைவெளிக் கட்டை டக் டக்கென்று ஆறு முறை கேட்டது. பிறகு மீதி வரி ஓடி முடிந்தது. எட்டிப் பார்த்தேன். பெயர் இருக்க வேண்டிய இடம் வெள்ளை.

"ஃபிராவ் ஹிர்ஷ், இது தூதரகத்துக்குப் போகிறது. பெயர் முழுதாக வேண்டும்."

"இடம் விட்டிருக்கிறேன். நீங்கள் கையால் எழுதிக்கொள்ளுங்கள், ஹெர் டாக்டர்."

"டைப் அடித்திருக்க வேண்டும் என்று படிவத்திலேயே போட்டிருக்கிறது."

அவர் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு டைப்ரைட்டரை என் பக்கமாகத் திருப்பினார். "அப்படியானால் நீங்கள் அடியுங்கள்."

எனக்கு எரிச்சல்தான் வந்தது. மகளுக்குத்தான் முதலில் புரிந்தது.

"அப்பா, போதும்ப்பா. அவங்களால முடியல," என்றாள் தமிழில். பிறகு எழுந்து மேசை அருகே வந்து, ஜெர்மனில் மெதுவாகக் கேட்டாள். "உங்களுக்கும் அப்படி எழுதினார்களா?"

"எனக்கு சாரா என்று எழுதினார்கள்," என்றார் ஃபிராவ் ஹிர்ஷ். "அது என் அட்டையோடு போயிற்று, கப்பலிலேயே கிழித்துப் போட்டேன். மற்றது அப்பாவுக்கு. அவர் பெயர் யூலியஸ். எனக்குக் கடைசியாக எழுதிய கடிதத்தில் கையெழுத்தோடு அந்தப் பெயரையும் சேர்த்து எழுதியிருந்தார். மகளுக்கு எழுதும் கடிதத்தில் அது வேண்டியதில்லை. அதற்குள் கை பழகிவிட்டது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நல்ல பெயர்தான். அப்பா தினமும் இரண்டு வேளை ஜெபத்தில் சந்தோஷமாகச் சொன்ன பெயர். அதன் வயது ஹெர் டாக்டருக்குத் தெரியும். எனக்குத்தான் வாய் வரவில்லை."

ஹெர் டாக்டர். இத்தனை வருடமும் அந்தப் பெயரைச் சொல்லாமல் என்னைக் கூப்பிட அவர் கண்டுபிடித்து வைத்திருந்த வார்த்தை அது. நான் பட்டம் கிடைத்த மாதிரி பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன். பக்கம் குறையும் என்று சொன்னதும் பொய். என் ஆய்வேட்டின் ஒவ்வொரு வரியையும் அந்தப் பெண்ணை அடிக்க வைத்திருக்கிறேன். இன்று மகளைத் திட்ட வைக்கலாம் என்று அழைத்தும் வந்திருக்கிறேன்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். அவள் நிறுத்துவதை, நிமிர்ந்து பார்ப்பதை, ஜெபமா ஏலமா என்று மரகதம் அக்கா கேட்டதை. மகளுக்கும் நான் அதுவரை சொன்னதில்லை. ஃபிராவ் ஹிர்ஷ் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"அப்புறம் யார் சொல்வார்கள்?"

"நாங்கள்தான். பிள்ளைகள்."

"அதிர்ஷ்டக்காரி," என்றார். "கூடச் சொல்ல ஆட்கள் இருந்திருக்கிறார்கள்."

டைப்ரைட்டருக்கு முன்னால் உட்கார்ந்தேன். ஒரு விரலால் தேடித் தேடி, அந்த வெள்ளை இடத்தில், ஜெர்மன் எழுத்தில் அந்தப் பெயருக்குள்ள ஆறு எழுத்தை அடித்தேன். கீழே கையெழுத்துப் போட்டேன். மகள் என் தோளுக்குப் பின்னால் நின்றிருந்தாள். கிளம்பும்போது ஃபிராவ் ஹிர்ஷ் அவளுக்குக் கை கொடுத்து, "போய் வா, சாரா," என்றார். அது அவருக்கு வந்தது.

பாலத்தின் மேல் நடக்கும்போது மகள் கேட்டாள். "ஊர்ல இருந்திருந்தா என் பேர எப்படிப்பா எழுதுவாங்க?"

"டி. சாராள்."

"டின்னா?"

"தங்கராஜ்."

"அப்ப தாத்தா பேரு?"

ஊரில் தாத்தா பெயர் என்னோடு நின்றிருக்கும். ஊர் வழக்கத்தை மகள் மீறுகிறாள் என்று வீட்டை இரண்டாக்கினேன். வழக்கப்படி நடந்தது அவள்தான். பதினாறு வருடம் அவளை வழக்கத்துக்கு மாறாக வைத்திருந்தவன் நான்.

8

உறை பானுக்குப் போய்விட்டது. மேசையில் இப்போது ஒன்றும் இல்லை. ஆனாலும் இரண்டு நாள் அதைச் சுற்றியேதான் நடந்தேன். கையெழுத்துப் போட்ட கைக்கு என்னவோ திருடியது போல ஒரு உறுத்தல்.

நேற்றுச் சாயங்காலம் கிருபாவும் நானும் ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். கிருபா புத்தகத்தைத் திறக்கும்போது உள் அறைக் கதவு திறந்தது. பிள்ளைகளைச் சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் சடங்கில் கொடுத்த ஜெர்மன் வேதத்தை எடுத்துக்கொண்டு மகள் வந்தாள். இரண்டு வருடம் கழித்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கு நான் வாசிக்கிறேன்," என்றாள்.

பாபிலோனில் இருந்தவர்களுக்குச் சொல்லப்பட்ட ஒரு பகுதி. ஜெர்மனில் வேகமாக வாசித்துக்கொண்டே போனாள். அந்தப் பெயர் வரும் இடம் எனக்குத் தெரியும். சொல்லிவிட்டுப் போய்விடுவாள், அல்லது மென்று விழுங்குவாள் என்று நினைத்தேன்.

அவள் நிறுத்தினாள். விரலை வரியில் வைத்தபடி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

அவள் காத்திருந்தாள்.

"இஸ்ரவேல்!" என்றேன், பொறையாறு வரை கேட்கிற மாதிரி.

அவள் லேசாகத் தலையை ஆட்டிவிட்டு, அடுத்த வார்த்தைக்குப் போனாள்.